நாலு பைட் இடைவெளி

பல வருடங்களாக மாற்றமே இல்லாமல் ஓடிய ஒரு 32 பிட் புரோகிராம், கணினியை 64 பிட் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்றிய அன்று நின்றுபோனது. அளவீட்டுக் கருவியிலிருந்து எண்களை வாங்கிப் பதிவு செய்வது அதன் வேலை. சோர்ஸ் கோட் யாரிடமும் இல்லை. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். "மறுபடி கம்பைல் பண்ணுங்கள்" என்று சொல்லி ஒதுங்க வழியில்லை. கருவியோடு பேசும் கெர்னல் பகுதியான டிரைவர் நான் எழுதியது.

எக்ஸ்86 லினக்ஸில் பழைய புரோகிராம்களுக்காக கெர்னல் நிறையவே செய்கிறது. புரோகிராம் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் சிஸ்டம் கால் எண்களே வேறு: ரைட் என்பது 32 பிட்டில் 4, 64 பிட்டில் 1. அதனால் தனி நுழைவு, தனி அட்டவணை. சாதாரண ரீட், ரைட் எல்லாம் அதிலேயே சரியாகிவிடும். கருவிக்கே உரிய கட்டளைகளை அனுப்பும் ஐஓசிடிஎல் என்ற கால் அப்படியில்லை. அதன் வழியாக என்ன ஸ்ட்ரக்ட் (பல தரவு உறுப்புகளின் தொகுப்பு) போகிறது என்று டிரைவருக்குத்தான் தெரியும்.

என் டிரைவரில் 32 பிட் அழைப்புகளைக் கையாளும் காம்பாட் ஐஓசிடிஎல் ஃபங்ஷனே இல்லை. சரி, இதுதான் காரணம் என்று, 32 பிட் அழைப்பையும் வழக்கமான ஃபங்ஷனுக்கே அனுப்பிவிட்டேன். அதே பிழை.

அப்புறம் சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தேன். ஐஓசிடிஎல் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவுக்கு 14 பிட் ஒதுக்கியிருக்கும். புரோகிராம் அனுப்பிய எண்ணில் அளவு 12. என் டிரைவர் எதிர்பார்த்தது 16. எண்ணே வேறாகிப் போனதால், கட்டளைகளைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்சில் எந்த கேஸிலும் அது சிக்கவில்லை.

ஸ்ட்ரக்டில் இரண்டே உறுப்புகள்: 32 பிட் சேனல் எண், அதை அடுத்து 64 பிட் நேரம். 32 பிட் எக்ஸ்86-இல் 64 பிட் எண் 4 பைட் எல்லையில் உட்காரும். நேரம் 4-ஆவது பைட்டில் தொடங்கி மொத்தம் 12-இல் முடியும். 64 பிட்டில் அதற்கு 8 பைட் எல்லை வேண்டும், ஆகவே நடுவில் 4 பைட் காலி. ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் பாஹோல் கருவி அந்த ஓட்டையைத் தனி வரியாகவே காட்டியது. இதே ஸ்ட்ரக்டை 32 பிட் ஆர்ம் பிராசஸருக்குக் கம்பைல் செய்திருந்தால் 16 பைட்தான் வந்திருக்கும், பிரச்சினையே தெரிந்திருக்காது. 32, 64 என்ற வித்தியாசம் மட்டும் பார்த்தால் போதாது, எந்த எண் எந்த பைட் எல்லையில் உட்கார வேண்டும் என்ற அலைன்மென்ட் விதியையும் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

4 பைட் அலைன்மென்ட் கொண்ட காம்பாட் வகையில் இன்னொரு ஸ்ட்ரக்ட் எழுதி, 12 பைட் கட்டளைக்குத் தனி கேஸ் வைத்து, உறுப்பு உறுப்பாக நகல் எடுத்தேன். புரோகிராம் ஓடியது.

டிரைவரின் கோட் வரிகளைத் திரும்பப் படித்தபோதுதான் பெரிய தவறு கண்ணில் பட்டது. 64 பிட் வழியில், ஸ்டாக்கில் இருக்கும் ஸ்ட்ரக்டின் இரண்டு உறுப்புகளை மட்டும் நிரப்பிவிட்டு 16 பைட்டையும் பயனருக்கு நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். இடைவெளியில் கிடந்த 4 பைட் கெர்னல் நினைவகமும் கூடவே வெளியே போய்க்கொண்டிருந்தது. ஸ்ட்ரக்ட் முழுவதையும் முதலில் பூஜ்யமாக்கும் ஒரு மெம்செட் வரியில் அதை அடைத்தேன். பழைய புரோகிராம் நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் கசிவை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

காம்பாட் பாதைகளை நிறையப் பேர் படிப்பதில்லை என்பதுதான் என் கவலை. எக்ஸ்86-இன் 32 பிட் நுழைவில் சிஸ்டம் கால் எண்ணின் மேல் 32 பிட்டைச் சுத்தம் செய்யாத ஓட்டை 2007-இல் அடைக்கப்பட்டது. பிறகு வந்த ஒரு மாற்றத்தில் அது திரும்பத் திறந்து, 2010-இல் சிவிஇ-2010-3301 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணோடு மறுபடி வந்தது. சாதாரண பயனர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடக்கூடிய ஓட்டை அது.

இப்போது புது ஸ்ட்ரக்ட் எழுதினால் 64 பிட் உறுப்புகளை முதலில் வைக்கிறேன். காலி இடத்துக்குப் பெயர் கொடுத்து, அதில் பூஜ்யம் இருக்கிறதா என்று சோதிக்கிறேன். நினைவக முகவரியான பாயின்டரை நேரடியாக வைக்காமல் 64 பிட் எண்ணாக வைக்கிறேன். பழைய ஸ்ட்ரக்டை மட்டும் தொடவில்லை. அதை நம்பி ஓடும் பைனரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. 12-க்கு ஒரு கேஸ், 16-க்கு ஒரு கேஸ் என்று இரண்டும் டிரைவரில் அப்படியே இருக்கின்றன.