ஸ்கார்மரி விலகும்போது யார் உள்ளே வருவது?

போகிமான் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாம் தலைமுறை. 2002 நவம்பரில் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸுக்காக வெளிவந்த ரூபி, சஃபையர் ஆகியவற்றின் விதிகளில் இன்றும் பலர் போகிமான் ஷோடவுன் தளத்தில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு என்னையும் அங்கே பார்க்கலாம். புதிதாக ஓர் அணி (ஆறு போகிமான்கள்; களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், மற்றவை இடம் மாற்றி வரலாம்) அமைக்க உட்கார்ந்தால் நான் எழுதும் முதல் பெயர் ஸ்கார்மரி. எஃகு வகையும் பறத்தல் வகையும் சேர்ந்த பறவை. பலமாக அடிக்கத் தெரியாது. அடியைத் தாங்கத் தெரியும்.

என் தம்பியும் இப்போது இந்தத் தலைமுறைக்கு வந்திருக்கிறான். தாக்கும் அணிகளையே கட்டிப் பழகியவன். "அக்கா, அடிக்கவே அடிக்காத ஒன்றை நடுவில் வைத்து எப்படி ஜெயிக்கிறாய்?" என்று கேட்டான். அவனுக்கு வாய்வழியாகச் சொன்னதைக் கணக்குகளோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்கார்மரியின் அருமை புரிய அந்தத் தலைமுறையின் ஒரு விதி தெரிய வேண்டும். ஒரு தாக்குதல் உடல்வலுவைச் சேர்ந்ததா, சிறப்பு ஆற்றலைச் சேர்ந்ததா என்பதை அங்கே அதன் வகையே முடிவு செய்கிறது. நெருப்பு, நீர், மின்சாரம், புல், பனி, மனோசக்தி, டிராகன், இருள் ஆகிய எட்டும் சிறப்பு. மீதி ஒன்பதும் உடல்வலு. இந்த ஒன்பதையும் ஸ்கார்மரிமேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிலமும் விஷமும் தொடவே தொடாது. பூச்சி கால் பங்குதான் படும். சாதாரணம், பறத்தல், பேய், எஃகு நான்கும் பாதி. சண்டையும் பாறையும் முழு அளவில் படும், அதற்கு மேல் இல்லை. இரட்டிப்பாக அடிக்கக்கூடியவை நெருப்பும் மின்சாரமும் மட்டுமே. அவை இரண்டும் சிறப்பின் பக்கம் இருக்கின்றன. ஆக, இரட்டிப்பாகப் படும் உடல்வலுத் தாக்குதல் என்று ஒன்று ஸ்கார்மரிக்கு எதிராக இல்லவே இல்லை. அதன் அடிப்படைத் தற்காப்போ 140. 2006இல் வந்த நான்காம் தலைமுறை ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாகப் பிரிவு கொடுத்து இந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது. அதனால்தான் நான் மூன்றாவதை விட்டு நகர மறுக்கிறேன்.

ஓர் உதாரணம். உடல்வலுத் தாக்குதலைக் கூட்டும் சாய்ஸ் பேண்ட் அணிந்து, தாக்குதலில் முழு முதலீடும் (அதாவது ஈ.வி. எனும் பயிற்சிப் புள்ளிகளை அதில் முழுதாகப் போட்டு) அதை மேலும் ஏற்றும் அடமன்ட் இயல்பும் கொண்ட மெட்டாகிராஸ், மீட்டியர் மேஷ் என்ற எஃகு வகை அடியை அடிக்கிறது. அந்தக் காலத்தில் இதைவிடப் பயங்கரமான அடிகள் குறைவு. தற்காப்பில் ஒரு ஈ.வி. புள்ளிகூடப் போடாத ஸ்கார்மரிக்கு அதில் போவது 103 முதல் 122 வரை. முழு முதலீட்டில் அதன் ஹெச்.பி. (உயிர்ப்புள்ளிகள்) 334. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகிறது, அவ்வளவுதான்.

இந்த எண்களைப் பார்த்ததும் "இது எதையெல்லாம் தாங்கும்" என்று பட்டியல் போடத் தோன்றும். தம்பியும் அதைத்தான் முதலில் செய்தான். என் வழி வேறு. ஸ்கார்மரி களத்தை விட்டு விலகியே தீர வேண்டிய நேரங்களை முதலில் எழுதுகிறேன். அந்த ஒவ்வொரு நேரத்திலும் யார் உள்ளே வருவது என்ற கேள்விக்குப் பதிலாக மற்ற ஐந்து பேரையும் தேர்ந்தெடுக்கிறேன். தாங்கும் நேரத்தை ஸ்கார்மரி தானே பார்த்துக்கொள்ளும்.

அதற்கு முன், அது களத்தில் நிற்கும்போது என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கபடியில் பாடி வருபவருக்கு மட்டுமா புள்ளி? பிடிப்பவருக்கும் உண்டு. ஸ்கார்மரி புள்ளி எடுப்பது ஸ்பைக்ஸ் மூலம். எதிராளியின் பக்கம் முட்களைத் தூவும் நகர்வு இது. ஓர் அடுக்கு இருந்தால், தரையில் கால் பதித்து உள்ளே வரும் ஒவ்வொரு போகிமானும் எட்டில் ஒரு பங்கு ஹெச்.பி. இழக்கும். இரண்டு அடுக்குக்கு ஆறில் ஒரு பங்கு. மூன்று அடுக்குக்குக் கால் பங்கு. பிறகு வேர்ல்விண்ட். எதிரே நிற்பவரை ஊதித் தள்ளி, அவர் அணியிலிருந்து வேறொருவரை இழுத்து வரும் காற்று. இழுபட்டு வருபவர் முள்ளில்தான் வந்து விழுவார்.

கர்ஸ் போட்டுத் தாக்குதலையும் தற்காப்பையும் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஸ்னோர்லாக்ஸை நினைத்துப் பாருங்கள். அதன் பாடி ஸ்லாம் ஸ்கார்மரிக்குப் பாதிதான் படும். சுற்றின் கடைசியில்தான் வேர்ல்விண்ட் நடக்கும் என்பதால் ஒரு அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு ஸ்னோர்லாக்ஸ் ஏற்றி வைத்த அத்தனையும் போய்விடும். அது திரும்பி வரும்போது மறுபடி முள். நான் ஒரு தாக்குதல்கூடச் செய்யாமல் எதிராளியின் அணி முழுவதும் தேய்ந்துகொண்டிருக்கும். தம்பி ஓர் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, பதினைந்தாவது சுற்றில் எதிராளியின் ஆறு பேரில் ஒருவருக்குக்கூட ஹெச்.பி. முழுதாக இல்லை. அதைப் பார்த்த பிறகு அவன் "அடிக்கவே அடிக்காத" என்ற சொல்லை விட்டுவிட்டான்.

இனி விலகும் நேரங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, நெருப்பும் மின்சாரமும். இதற்கான விடை உலகறிந்த விடை: பிளிஸ்ஸி. அடிப்படை ஹெச்.பி. 255, சிறப்புத் தற்காப்பு 135. சிறப்பு ஆற்றலில் முழு முதலீடு கொண்ட ஜாப்டாஸின் மின்சாரத் தாக்குதலான தண்டர்போல்ட், ஹெச்.பி.யில் முழு முதலீடு செய்த பிளிஸ்ஸியின் 714இல் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சாஃப்ட்பாய்ல்ட் ஒரு முறை போட்டால் பாதி ஹெச்.பி. திரும்பிவிடும். உடல்வலுவுக்கு ஒருவர், சிறப்புக்கு ஒருவர் என்ற இந்த ஜோடி மிகப் பழையது. ஆனால் இரண்டையும் சேர்த்துவிட்டால் அணி முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிளிஸ்ஸியின் அடிப்படைத் தற்காப்பு வெறும் 10. தற்காப்பைப் பாதியாக்கிக் கணக்கிடும் எக்ஸ்ப்ளோஷன் அதன்மேல் விழுந்தால் கதை முடிந்தது. மெட்டாகிராஸோ ஜெங்காரோ பிளிஸ்ஸியின் எதிரே வந்து நின்றால் நான் அந்த வெடியைத்தான் எதிர்பார்க்கிறேன். வெடி சாதாரண வகை என்பதால் ஸ்கார்மரிக்குப் பாதி. இருவரும் ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொடுப்பதில்தான் ஜோடியின் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, காயம் ஆறாத நேரம். காயம் ஆற்றும் ரூஸ்ட் நகர்வு நான்காம் தலைமுறையில்தான் வந்தது. மூன்றாவதில் ஸ்கார்மரிக்கு, கையில் வைத்திருக்கும் லெஃப்ட்ஓவர்ஸ் என்ற பொருள் தரும் சுற்றுக்கு 20 ஹெச்.பி.யை விட்டால், தூங்கி முழு ஹெச்.பி.யையும் மீட்கும் ரெஸ்ட் மட்டுமே மருந்து. தூங்கும் ஸ்கார்மரி யாருக்கும் பயன்படாது. எனவே பிளிஸ்ஸியிடம் அரோமாதெரபி கட்டாயம் இருக்க வேண்டும். ரெஸ்ட் போட்ட மறுசுற்றில் பிளிஸ்ஸி உள்ளே வந்து அனைவரையும் எழுப்பிவிட்டால் ஸ்கார்மரி முழு ஹெச்.பி.யுடன் திரும்பத் தயார்.

மூன்றாவது நேரம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது: மேக்னட்டான். அதன் மேக்னட் புல் திறன் எஃகு வகையை விலகவே விடாது. விலக வேண்டும், ஆனால் முடியாது. சிறப்பு ஆற்றலில் முழு முதலீடு செய்த மேக்னட்டானின் தண்டர்போல்ட், சிறப்புத் தற்காப்பில் எதுவும் போடாத ஸ்கார்மரியிடமிருந்து 394க்குக் குறையாமல் எடுக்கும். இருப்பதே 334. பலர் இங்கே கையை விரித்துவிட்டு, ஸ்கார்மரி போனால் போகட்டும் என்கிறார்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹெச்.பி.யில் 252, சிறப்புத் தற்காப்பில் 196, வேகத்தில் 60 என்று ஈ.வி., இயல்பு சிறப்புத் தற்காப்பை ஏற்றும் கேர்ஃபுல். அப்போது அதே தண்டர்போல்ட் அதிகபட்சமாக எடுப்பது 332. இரண்டே இரண்டு புள்ளிகளில் உயிர் தங்குகிறது! இந்த எண் கிடைத்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம்பமுடியாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேகத்துக்கு 60 எதற்கு என்றால், இந்த இரண்டு போகிமான்களின் அடிப்படை வேகமும் 70தான். வேகத்தில் முதலீடு செய்யாத மேக்னட்டானை என் ஸ்கார்மரி முந்திவிடும். முந்தி என்ன செய்வது? நில வகை ஹிடன் பவர். மூன்றாம் தலைமுறையில் அது உடல்வலுத் தாக்குதல்; மின்சாரமும் எஃகுமான மேக்னட்டானுக்கு நான்கு மடங்கு. ஓர் அடிக்கு 176 முதல் 208 வரை. முதலில் நான் அடிக்கிறேன், பிறகு அதன் தண்டர்போல்ட்டை வாங்கித் தாங்குகிறேன், மறுசுற்றில் மீண்டும் நான் அடிக்கிறேன். மேக்னட்டான் ஹெச்.பி.யில் முழு முதலீடு செய்து 304 வைத்திருந்தாலும் இரண்டு அடியில் விழும். ஹெச்.பி.யில் முதலீடு இல்லாமல் 241 மட்டும் வைத்திருந்து, மூன்று அடுக்கு முள்ளில் கால் வைத்து வந்திருந்தால் பெரும்பாலும் ஒரே அடியில் விழும்.

இதற்கு எல்லைகள் உண்டு. ஸ்கார்மரி முழு ஹெச்.பி.யில் இருக்க வேண்டும். தற்செயலாக இரட்டிப்பாகப் படும் கிரிட்டிக்கல் அடி விழக் கூடாது. சிறப்பு ஆற்றலை ஏற்றும் மாடஸ்ட் இயல்புள்ள மேக்னட்டான் ஒரே அடியில் கொன்றுவிட வாய்ப்பு அதிகம். வேகத்தில் என்னைவிட அதிகம் போட்ட மேக்னட்டானும் இரண்டாவது தண்டர்போல்ட்டில் முந்திவிடும். அதனால்தான் மூன்றாவது இடத்தில் டக்ட்ரியோவை வைக்கிறேன். அதன் அரீனா டிராப் திறன் தரையில் நிற்பவரை விலக விடாது. ஸ்கார்மரியை வீழ்த்திய மேக்னட்டானின் எதிரே டக்ட்ரியோ வந்து நின்றால் நில வகை எர்த்க்வேக் ஒன்று போதும். பல்லுக்குப் பல். ஆனால் எதிராளியின் டக்ட்ரியோவும் என் பிளிஸ்ஸியை இதேபோலச் சிறைபிடிக்கும். அதை மறந்துவிட்டு ஆட முடியாது.

நான்காவது, முட்களை யாராவது கூட்டித் தள்ள வரும் நேரம். ஸ்டார்மீ, கிளேடால் போன்றவை ரேப்பிட் ஸ்பின் போட்டால் மூன்று சுற்று உழைப்பு ஒரே சுற்றில் வீண். அது சாதாரண வகை என்பதால் பேய் வகைமேல் எடுபடாது. ஆகவே நான்காவது இடம் ஜெங்காருக்கு. ஆனால் ஜெங்கார் பாதி விஷ வகை. அந்த இரண்டுமே மனோசக்தித் தாக்குதலால் அதைப் பலமாக அடிக்கும். தடுத்தால் மட்டும் போதாது, அவற்றைத் தீர்த்துக்கட்டவும் ஒருவர் வேண்டும். ஐந்தாவது இடத்தில் டைரானிட்டார் வருவது அதற்காகத்தான். அது பாதி இருள் வகை என்பதால் மனோசக்தி அதைத் தொடாது. விலகி ஓடுபவரைப் பர்சூட் கொண்டு முதுகில் அடிக்கும். இன்னொன்று, அது கிளப்பும் மணற்புயல் இந்தத் தலைமுறையில் தானாக ஓயாது. பாறை, நிலம், எஃகு வகையினர் தவிர மற்றவர்களிடமிருந்து சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு எடுக்கும். ஜாப்டாஸ் போல முள்ளை மிதிக்காமல் பறப்பவர்களுக்கும் இதில் தப்பில்லை. ஸ்கார்மரியோ எஃகு, மணலில் நிம்மதியாக நிற்கும். என் பிளிஸ்ஸியும் ஜெங்காரும் அந்த மணலில் தேய்வதுதான் இதற்கு நான் கொடுக்கும் விலை. அந்த விலையை நான் மனமுவந்து கொடுக்கிறேன்.

ஆறாவது இடத்தில்தான் எனக்கும் தம்பிக்கும் இன்னும் சண்டை. என் தேர்வு செலெபி. நீர் வகையைச் சேர்ந்த ஸ்வாம்பர்ட், சூய்க்கூன் இரண்டும் ஸ்கார்மரியின் எதிரே அச்சமில்லாமல் நிற்கக்கூடியவை. அவற்றைத் துணிந்து எதிர்கொள்ள ஒரு புல் வகை வேண்டும். அரோமாதெரபி போலவே அணியை எழுப்பும் ஹீல் பெல் செலெபிக்குத் தெரியும் என்பதால், பிளிஸ்ஸி விழுந்த பிறகும் ஸ்கார்மரி தைரியமாக ரெஸ்ட் போடலாம். தம்பி சாலமென்ஸ் என்கிறான். எல்லோரும் அரைகுறை ஹெச்.பி.யில் இருக்கும் கடைசிக் கட்டத்தில் தாக்குதலையும் வேகத்தையும் ஏற்றும் டிராகன் டான்ஸ் ஒன்று போட்டால் சாலமென்ஸ் மிச்சமுள்ளவர்களை வாரிக்கொண்டு போகும், செலெபியால் அது முடியாது என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாலமென்ஸ் வந்தால் சூய்க்கூன் காம் மைண்ட் போட்டுச் சிறப்பு ஆற்றலையும் சிறப்புத் தற்காப்பையும் ஏற்றும்போது ஸ்கார்மரி விலகி யாருக்கு இடம் கொடுக்கும் என்று கேட்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை இரண்டு அணிகளையும் எடுத்துக்கொண்டு நாங்களே மோதப்போகிறோம்.