மதியம் இத்தாலி, மாலை சுவிட்சர்லாந்து

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டும் இத்தாலியின் செர்வினியாவும் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் இரு பக்கங்களில் இருக்கும் ஊர்கள். இவ்விரண்டின் பனிச்சறுக்குத் தடங்களும் மலைமுகட்டின் மேலாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், காலையில் ஒரு நாட்டில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு கிளம்பி, மதியம் அடுத்த நாட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலையில் முதல் நாட்டுக்கே திரும்பிவிடலாம். பெர்ன் நகருக்குக் குடிவந்த பிறகு முப்பத்தெட்டு வயதில் ஸ்கீ கற்றுக்கொண்ட எனக்கும், பள்ளியின் பனிச்சறுக்கு முகாமுக்கு ஒரு வாரம் போய்வந்து என்னைத் தாண்டிவிட்ட என் மகளுக்கும், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் வரும் இந்த ஒரு நாள் பண்டிகைக்குச் சமம். இந்த ஆண்டுக்கான திட்டத்தைப் போட உட்கார்ந்தபோது, இதே பயணத்தை யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

2022 மார்ச்சில் முதல் தடவை போனபோது எங்களிடம் திட்டம் என்று எதுவும் இல்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. செர்வினியாவில் இறங்கியதும், வெயிலில் மேசை போட்டிருந்த ஓர் உணவகத்தில் பொலெண்டா என்ற சோளமாவுக் களியும் காபியுமாக ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்தோம். பிறகு ஆற அமரக் கிளம்பி சீமே பியாங்கே நிலையத்துக்கு வந்து பார்த்தால், மேலே போகும் கேபிள் காருக்கு நேராகப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகட்டில் காற்று எழுந்துவிட்டதால் மேல் லிஃப்டுகள் (ஸ்கீக்காரர்களை மலையேற்றும் கேபிள் கார்கள், நாற்காலிகள்) அனைத்தையும் நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு செர்வினியாவில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். என் மனைவி மலைக்கு அந்தப் பக்கம் செர்மாட்டில் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மாற்றுத் துணி இல்லை, பல்துலக்கி இல்லை, காலில் ஸ்கீ பூட்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஸ்கீ பூட்ஸோடு மரப்படி ஏறியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை புரியும். கணுக்கால் வளையாது, ஒவ்வொரு படியிலும் குதிகால் இடிக்க, வீடே அதிரும். விடுதிக்கார அம்மாள் அந்தச் சத்தத்தைப் பொறுக்க மாட்டாமல் இரண்டு ஜோடிக் கம்பளிச் செருப்புகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். அப்போது பத்து வயதாகியிருந்த மகள் அதை மாட்டிக்கொண்டே, "அப்பா, அடுத்த தடவை எப்படித் திரும்பி வர்றதுன்னு முதல்ல பாருங்க. எங்க சாப்பிடறதுங்கிறது அப்புறம்" என்றாள்.

எங்கள் திட்டம் அன்றிலிருந்து பின்னோக்கித்தான் போடப்படுகிறது. கடைசியாக எத்தனை மணிக்கு முகட்டைத் தாண்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுகிறோம். அதற்கு எத்தனை மணிக்குச் சாப்பாட்டு மேசையைவிட்டு எழ வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குச் செர்வினியாவை அடைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய், காலை எழும் நேரம் கடைசியில்தான் முடிவாகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை என்பதை வைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. லிஃப்ட் நின்றுவிட்டால், செர்வினியாவிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஷாத்தியோனுக்கு இறங்கி, ஆவோஸ்தா போய், கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கப்பாதையைக் கடந்து, மார்ட்டிஞி, விஸ்ப் என்று மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். டாக்ஸியில் வந்தாலும் பல மணி நேரம் ஆகும். அதற்கு ஆகும் பணத்தில் விடுதியில் இரண்டு நாள் தங்கிவிடலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாளை முடிவுசெய்வது பனி அல்ல, காற்றுதான். இரு பக்கத்துத் தடங்களும் சந்திக்கும் தியோடுல் கணவாய் சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே பிளாட்டோ ரோஸா என்ற பனிமேடு, 3,480 மீட்டர். மறைப்பு எதுவும் இல்லாத இந்த வெட்டவெளியில், கீழே ஊரில் கொடிகூட அசையாத நாளிலும் காற்று சுழன்றடிக்கும். தெற்கிலிருந்து மலையைத் தாண்டி ஃபான் என்ற உலர்காற்று வீசும் நாட்களில் இத்தாலியப் பக்கம் மேகம் சுவர் எழுப்பியது போல் குவிந்து நிற்க, செர்மாட் பக்கம் வானம் பளிச்சென்று இருப்பதுண்டு. அந்தப் பளிச்சைப் பார்த்து மகிழ்ந்துபோய்ப் பாஸ் வாங்குபவர்கள் மேலே போனதும் கயிறு கட்டி மூடியிருப்பதைக் காண்பார்கள். உலகக் கோப்பைப் போட்டி நடத்துபவர்களுக்கே இந்த முகடு பிடிகொடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் தொடங்கி இத்தாலியில் முடிவதாக ஒரு கீழிறக்கப் பந்தயத்தை 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் அறிவித்தார்கள். முதல் ஆண்டு பனி போதாமல் நின்றது. அடுத்த ஆண்டு பனிப்பொழிவும் காற்றும் கெடுத்தன. ஒரு பந்தயம்கூட நடக்காமலேயே அதை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆகவே முந்தைய இரவு நான் பார்ப்பது வெப்பநிலையை அல்ல, முகட்டின் உயரத்தில் காற்றின் வேகம் எவ்வளவு, எந்தத் திசையிலிருந்து, பகலில் எந்த நேரத்தில் கூடுகிறது என்பதைத்தான். பிற்பகலில் கூடும் என்று இருந்தால் இத்தாலிப் பயணம் இல்லை. காலையில் லிஃப்ட் நிலையத்தின் நேரலைக் கேமராவையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்த பிறகே இரு நாட்டுக்கும் செல்லும் பாஸை வாங்குகிறோம். உள்ளூர்ப் பாஸைவிட அதன் விலை அதிகம். நாள் ஒன்றுக்கு நூறு பிராங்கைத் தாண்டும் ஒன்றை ஆசைக்காக வாங்கிவைக்க மனம் வருவதில்லை.

பெர்னிலிருந்து அன்று காலையே கிளம்பிப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், விஸ்ப்பில் ரயில் மாறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் பனிச்சறுக்கு நாளின் மிக நல்ல இரண்டு மணி நேரத்தை ரயிலில் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. முந்தைய மாலையே போய்த் தங்கிவிடுகிறோம். காரில் வருபவர்கள் டேஷ் என்ற ஊரில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம் ரயிலில் வர வேண்டும், ஏனென்றால் செர்மாட்டுக்குள் வெளியார் கார்கள் வரக் கூடாது. செர்மாட்டை விட டேஷில் அறை வாடகை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் லிஃப்ட் திறக்கும்போதே வரிசையில் நிற்க வேண்டும். ஊரிலிருந்து கோண்டோலாவில் ஃபூரி வழியாக 2,939 மீட்டரில் உள்ள ட்ரோக்கனர் ஷ்டேக், அங்கிருந்து 2018இல் திறந்த மூன்று வடக் கேபிள் காரில் க்ளைன் மாட்டர்ஹார்ன் (மாட்டர்ஹார்ன் அல்ல, வேறொரு சிகரம்). ஒவ்வொரு கூண்டிலும் 28 இருக்கைகள். ஒன்பது நிமிடத்தில் பனியாற்றின் மேலாகத் தூக்கிக்கொண்டுபோய் 3,800 மீட்டருக்கு மேல் விட்டுவிடுகிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. செர்மாட்டின் 1,600 மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடுவதால், குனிந்து பூட்ஸ் கொக்கியை இறுக்கி நிமிர்ந்தாலே தலை லேசாகச் சுற்றும். காட்சி மேடைக்கு ஏறிப் படம் எடுப்பதெல்லாம் மாலைக்கோ இன்னொரு நாளைக்கோ இருக்கட்டும். பத்து நிமிடம் தண்ணீர் குடித்து மெதுவாக நடந்து, கிளம்பிவிடுவதே நல்லது. குறியிட்ட தடத்தை விட்டு ஒரு கஜம்கூட விலகக் கூடாது, அது பனியாறு. வெடிப்புகளைப் பனி மூடியிருக்கும்.

எல்லை எங்கே இருக்கிறது என்பது சறுக்கும்போது தெரியாது. ஒரு பலகையைத் தாண்டினால் இத்தாலி. அந்தக் கோடும் நிலையாக இல்லை என்பதுதான் வேடிக்கை. இங்கே எல்லை என்பது பனியாற்றின் நீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அந்த முகட்டைப் பின்பற்றுவது. பனியாறு உருகி முகடு நகர்ந்ததால், பிளாட்டோ ரோஸாவை ஒட்டிய எல்லையை மாற்றி வரைய இரு நாடுகளும் 2023இல் இசைந்தன, 2024 செப்டம்பரில் சுவிஸ் அரசு அதற்கு ஒப்புதல் தந்தது.

பிளாட்டோ ரோஸாவிலிருந்து செர்வினியா வரை இறங்கும் வென்டினா என்ற 7ஆம் எண் சிவப்புத் (நடுத்தரக் கடினமுள்ள) தடத்துக்காகத்தான் நான் வருகிறேன் என்று சொன்னால் மிகையில்லை. 3,480 மீட்டரிலிருந்து 2,050 மீட்டர் வரை, ஓரிடத்திலும் லிஃப்ட் ஏறாமல் ஒரே மூச்சில் இறங்கலாம். மேற்பகுதி அகன்ற வெளி. இயந்திரம் முந்தைய இரவு உழுதுவிட்ட வரிகள் கார்டுராய் துணிபோலக் கிடக்க, ஸ்கீயின் விளிம்பு அதில் ஏறியதும் காலடியில் ஒரு நடுக்கமும் 'கர்ர்' என்ற ஒலியும் எழும். நடுவில் தடம் பாறைகளுக்கிடையே குறுகி நிழலுக்குள் போகிறது. அங்கே காலையில் இறுகிய பனி கண்ணாடிபோல் இருக்கும், நான் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் பின்பக்கம் சாய்ந்து வேகத்தை இழக்கிறேன். மகள் கீழே நின்று காத்திருப்பாள். மார்ச் மாத வெயிலில் கீழ்ப்பகுதி பதினொன்றரைக்கெல்லாம் குழைய ஆரம்பிப்பதால், இந்தத் தடத்தை முதலில் முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். இன்னும் தெம்பிருப்பவர்கள் வால்டூர்னான்ஷ் என்ற ஊர் வரை, இன்னும் ஐந்நூறு மீட்டர் கீழே, இறங்கலாம். ஆனால் அங்கிருந்து மேலே வர அடுத்தடுத்துப் பல லிஃப்டுகள் ஏற வேண்டியிருப்பதால், ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

செர்வினியாவிலிருந்து பார்த்தால் மாட்டர்ஹார்ன் மாட்டர்ஹார்னாகவே இராது. சாக்லேட் அட்டையில் பார்த்துப் பழகிய அந்தக் கூர்முனை செர்மாட் பக்கத்துக்கே உரியது (அந்த டாப்ளரோன் அட்டையிலிருந்தும் 2023இல் அதை எடுத்துவிட்டார்கள்). இங்கே அது அகன்ற தோளோடு நிற்கும் ஒரு பெரும் பாறைமேடு. தெரிந்த ஒருவரை முதுகுப்பக்கமிருந்து பார்ப்பது போல் இருக்கும். இதன் பெயரும் இங்கே செர்வினோ. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் குழு சுவிஸ் பக்கமிருந்து முதலில் உச்சியை எட்டியது. மூன்றே நாளில் ழான் அந்துவான் கரேல் இந்தப் பக்கமிருந்து ஏறிவிட்டார். விம்பரின் எழுவர் குழுவில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள்.

சாப்பாடு பிளான் மேசோனில், 2,555 மீட்டரில். செர்வினியா ஊருக்குள் உட்காராமல் இங்கே உட்காருவதற்குக் காரணம் இரண்டு: திரும்பும் வழியில் ஒரு கட்டம் ஏற்கெனவே ஏறிவிட்டிருப்போம், பலகையின் விளக்குகளைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். 2023 ஜூலையில் க்ளைன் மாட்டர்ஹார்னுக்கும் பிளாட்டோ ரோஸாவுக்கும் இடையே கேபிள் கார் வந்ததிலிருந்து, ஸ்கீ தெரியாதவர்களும் முழு வழியையும் கூண்டிலேயே கடந்து வந்துவிடலாம். ஸ்கீயைத் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்திருக்கும் என் மனைவி இப்போது அப்படித்தான் வந்து எங்களுக்கு முன்பாக மேசை பிடித்துவைக்கிறாள். ஃபோன்டினா பாலாடைக்கட்டி உருகி இழையும் பொலெண்டாவைக் கரண்டியால் கிளறும்போதெல்லாம் எனக்கு நெய் விட்ட சோளக்களிதான் நினைவுக்கு வரும். சுவிஸ் பக்கத்தில் ஒருவர் சாப்பிடும் காசில் இங்கே காபியும் சேர்த்து முடித்துவிடலாம். ஒன்றரை மணிக்கு எழுந்துவிட வேண்டும்; இதில் மன்னிப்பே கிடையாது, மகள் கைக்கடிகாரத்தில் மணி அடிக்க வைத்திருக்கிறாள்.

திரும்ப ஏற இரண்டு வழிகள். ஒன்று, சீமே பியாங்கே போய் அங்கிருந்து பெரிய கேபிள் காரில் பிளாட்டோ ரோஸா. குளிர் தெரியாது, ஆனால் வரிசை நிற்கும். மற்றொன்று, ஃபோர்னே, பொன்டடீனி என்ற இரு நாற்காலி லிஃப்டுகளில் தியோடுல் கணவாய்க்கே ஏறுவது. வரிசை குறைவு, பொன்டடீனியில் மூக்கு உறைந்துவிடும். எதில் போனாலும் இரண்டு மணிக்குள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கடைசி இணைப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், அதைக் காலையிலேயே பலகையில் பார்த்துக் கையில் எழுதிக்கொள்கிறோம். முகட்டைத் தாண்டிவிட்டால் பிறகு அவசரமில்லை. ட்ரோக்கனர் ஷ்டேக் வரை பனியாற்றின் மேல் சாய்வு இதமானது, அதற்குக் கீழே கால் ஒத்துழைத்தால் சறுக்கலாம், இல்லையேல் கோண்டோலா.

பையில் என்ன வேண்டும்? இரு நாடுகளும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் முகட்டில் யாரும் நிறுத்துவதில்லை; ஆனாலும் என்னைப் போல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதையும் வதிவிட அட்டையையும் எடுத்துக்கொள்ளாமல் மலை ஏறக் கூடாது, ஓர் இரவு தங்க நேர்ந்தால் விடுதியில் கேட்பார்கள். இத்தாலியத் தடங்களில் 2022 ஜனவரி முதல், நம்மால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். அதன் சான்று தொலைபேசியில் இருக்கட்டும். சுவிஸ் தொலைபேசித் திட்டம் வைத்திருப்பவர்கள் முகட்டிலேயே ரோமிங்கை அணைத்துவிட வேண்டும், மாத ரசீது வரும்போது நான் சொன்னது நினைவுக்கு வரும். கொஞ்சம் யூரோ. இரண்டு நாளுக்கான மாத்திரை. பையின் அடியில், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் துணிச்செருப்பு இரண்டு ஜோடி.

காற்று ஒத்துவராத நாளுக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். செர்மாட்டிலிருந்து ஏறும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் 1898இலிருந்து ஓடுகிறது; தண்டவாளத்தில் செல்வதால் லிஃப்டுகளை நிறுத்தும் காற்றிலும் பெரும்பாலும் 3,089 மீட்டர் வரை கொண்டுபோய்விடுகிறது. அங்கிருந்து வழியிலுள்ள ரிஃபெல்பெர்க் நிலையம் வரை சறுக்கிவிட்டு மீண்டும் ரயில் ஏறலாம். சென்ற மார்ச்சில் எங்களுக்கு வாய்த்தது அதுதான். மதியம் ரிஃபெல்பெர்க்கில் ஒரு தட்டு ரோஸ்டிக்கு (துருவி வறுத்த உருளைக்கிழங்கு) கொடுத்த பிராங்கை மனைவி யூரோவுக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தியோடுல் முகட்டின் மேல் பனித்தூள் வெள்ளைக் கொடிபோல் கிழக்கே பறந்துகொண்டிருந்தது.