கிராமமே இல்லாத நாட்டிலிருந்து கிராமத் தாதிமைக் கேள்விக்குப் பதில் எழுதுவது

"கிராமப்புறச் சமூகச் சுகாதாரத்தில் நர்ஸ் பிராக்டிஷனரின் பங்கை ஆராய்க." நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் கூடுதல் பயிற்சி பெற்று, தானே பரிசோதித்து முடிவெடுக்கும் தாதி. தாதிமைப் படிப்பில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூரில் படிப்பவர்கள் எழுதும் பதிலும் பெரும்பாலும் ஒரே அச்சு: டாக்டர் பற்றாக்குறை, அதனால் தாதி வருகிறார், பரிசோதிக்கிறார், ஆலோசனை சொல்கிறார், குழுவை வழிநடத்துகிறார். எல்லாம் சரிதான், ஆனால் மதிப்பெண் நடுவிலேயே நின்றுவிடும். அந்தப் பதிலில் "நர்ஸ் பிராக்டிஷனர்" என்பதை அழித்துவிட்டு "வார்டு தாதி" என்று போட்டுப் பாருங்கள், ஒரு வரியும் தவறாகாது. கோளாறு அங்கேதான். பக்கத்து அறையில் டாக்டர் இல்லாத இடத்தில் அவர் தனியாக என்ன முடிவு எடுக்கிறார், எதை வைத்து எடுக்கிறார் என்பதைத்தான் தாள் திருத்துபவர் தேடுகிறார்.

முதலில் யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற வேலை 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். டாக்டர் எட்டாத இடங்களில் இருக்கும் குழந்தைகளைத் தாதி முழுமையாகப் பரிசோதித்து, சாதாரண நோய்களைத் தானே கையாள வேண்டும் என்பது திட்டம். இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாம். மற்ற மாநிலங்களில் ஒப்பந்தமோ மேற்பார்வையோ வேண்டும். "அமெரிக்காவில் சுதந்திரமாக வேலை செய்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் பாதிதான் உண்மை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து படிப்பவர்கள் ஊர் உதாரணம் எடுப்பது நல்லதுதான், ஆனால் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். கிராமச் சுகாதாரச் செவிலியர் சுமார் 5,000 பேரை, மலைப்பகுதியில் சுமார் 3,000 பேரைப் பார்த்துக்கொள்கிறார். கர்ப்பிணிப் பராமரிப்பு, தடுப்பூசி, குடும்பநலம் அவருடைய வேலை. அவர் நர்ஸ் பிராக்டிஷனர் அல்ல. துணைச் சுகாதார நிலையத்தில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு முடித்து வரும் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் கொஞ்சம் நெருங்கி வருவார். இந்தியாவில் "நர்ஸ் பிராக்டிஷனர்" என்ற பெயரையே தாங்கிய தீவிர சிகிச்சைப் படிப்பு ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதைக் கிராம உதாரணமாகப் போட்டுவிடாதீர்கள், அது ஐசியு வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஒப்பிட நல்ல உதாரணம். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் மருந்தை யார் முடிவு செய்கிறார், யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்பதைப் பிரித்து எழுதினால்தான் அது ஒப்பீடு, இல்லாவிட்டால் வெறும் பாராட்டு.

சிங்கப்பூரில் இதற்கு இணையானவர் ஏபிஎன், அதாவது அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ். தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கான முதுநிலைப் படிப்பு 2003ல் தொடங்கியது. படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, அதன் பிறகு தாதிமை வாரியத்தின் பதிவு. பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. 2018ல் வந்த கூட்டு மருந்துப் பரிந்துரைத் திட்டத்தின்கீழ், தகுதி பெற்ற ஏபிஎன்களும் மருந்தாளர்களும் டாக்டர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்த எல்லைக்குள் மருந்து எழுதலாம். "ஒப்பந்த எல்லைக்குள்" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் வாய்மொழித் தேர்வில் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

பதிலின் நடுப்பகுதிக்கு ஒரே ஒரு நோயாளியை எடுங்கள். ஒரு வீட்டு வருகை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. பத்துப் பங்குகளை வரிக்கு ஒன்றாக எழுதுவதைவிட இது ஆழமாக நிற்கும். இதோ ஒரு மாதிரி.

68 வயது அம்மா, தனியாக இருக்கிறார். இரண்டாம் வகை நீரிழிவு, காலையில் 20 யூனிட் இன்சுலின். ஊருக்குப் போய் வந்ததிலிருந்து சுகர் (சிங்கப்பூரின் மில்லிமோல் கணக்கில்) 17, 18 என்றே நிற்கிறது. சாப்பாடு மாறவில்லை, ஊசியும் தவறவில்லை என்கிறார். மாணவர்களில் பலர் "அளவைக் கூட்டலாம்" என்று எழுதிவிடுவார்கள். நல்ல பதில், "அம்மா, மருந்து பாட்டிலையும் ஊசியையும் எடுத்துட்டு வாங்க" என்று தொடங்கும்.

இந்தியாவில் பரவலாக விற்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிங்கப்பூரில் 100 யூனிட். ஊசிகளும் அதற்கேற்ப வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. ஊரிலிருந்து வாங்கி வந்த பாட்டிலில், இங்கே மீந்திருந்த ஆரஞ்சு மூடி ஊசியால் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் ஏறாமல் என்ன செய்யும்? இப்போது கேட்காமல் அளவைக் கூட்டி 50 கோடு என்று சொல்லிவிட்டால், உடம்புக்குள் போவது 20 யூனிட், சுகரும் இறங்கும், எல்லாருக்கும் திருப்தி. அடுத்த மாதம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) 100 யூனிட் பாட்டில் வாங்கி அதே 50 கோடு இழுப்பார். அன்று காலை மயங்கி விழுவார். தலைகீழாகவும் நடக்கும்: 100 யூனிட் பாட்டிலில் சிவப்பு மூடி ஊசியால் 20 கோடு இழுத்தால் 50 யூனிட். ஊரில் பார்க்கும் சுகர் கணக்கு மில்லிகிராமில் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதை 18ஆல் வகுத்தால் இங்கே நாம் சொல்லும் எண் வரும்.

பாட்டில் சரியாக இருந்தால் அடுத்தது வயிறு. விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி ரப்பர் மாதிரிக் கட்டி இருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வலிக்காது என்பதால் பலர் அந்த இடத்தையே விரும்பிக் குத்துவார்கள். வேறு இடத்துக்கு மாற்றும்போது அதே அளவு வேகமாக வேலை செய்துவிடும், அதனால் அளவைக் குறைப்பது பற்றியும் யோசிக்க வேண்டும். பிறகு, பாட்டில் திறந்து எத்தனை நாள்? பெரும்பாலான இன்சுலினுக்கு 28 நாள்தான் கணக்கு. திறந்த தேதியை பாட்டிலில் எழுதாத வீடுதான் அதிகம். ஃபிரிட்ஜ் இல்லாத கிராமத்து வீட்டில் மண்பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டுக் குளிர்ச்சியாக வைப்பார்கள். அதைக் குறை சொல்லாமல், நிழலில் இருக்கிறதா, மணல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் தாதியின் வேலை.

இனி மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு. கிராமம் என்ற சொல் கேள்வியில் ஏன் இருக்கிறது என்பது இங்கேதான் தெரியும். வாந்தி, தூக்கக் கலக்கம், வேகமான ஆழ்ந்த மூச்சு, இரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன் என்ற அமிலப் பொருள் இருந்தால் எங்கேயும் உடனே மருத்துவமனைதான். சிக்கல் இடைப்பட்ட நிலையில். சுகர் 18, லேசான காய்ச்சல், காலில் சின்னப் புண், ஆனால் பேச்சு தெளிவு. சிங்கப்பூரில் மாலையில் மறுபடி அழைத்துக் கேட்கலாம், மோசமானால் ஆம்புலன்ஸ் வரும். மருத்துவமனை இரண்டு மணி நேரத் தூரத்தில், கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு என்றால் அதே அம்மாவை மதியமே அனுப்ப வேண்டியிருக்கும். நோய் ஒன்றுதான். தூரம்தான் அனுப்பும் நேரத்தை முன்னால் இழுக்கிறது. இந்த ஒரு வாதத்தை எண்களோடு எழுதினால் பதிலின் தரமே மாறும்.

சிங்கப்பூரோடு ஒப்பிடும்போது அளவு தெரிய வேண்டும். புலாவ் உபின் தீவில் இன்னும் சிலர் வசிக்கிறார்கள், சாங்கி முனையிலிருந்து 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அழகான உதாரணம், ஆனால் அதை வைத்து நாட்டின் கொள்கையை விளக்க முடியாது. வீட்டைவிட்டு இறங்க முடியாத மூத்தோர் இன்னும் பொருத்தமான ஒப்பீடு. மருந்தகம் 600 மீட்டரில் இருக்கும், சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் இருக்காது. 2023 ஜூலையில் தொடங்கிய 'மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி' திட்டம் குடும்ப மருத்துவரை நடுவில் வைக்கிறது. ஏபிஎன் அதில் எங்கே பொருந்துகிறார் என்று கேட்டு ஒரு பத்தி எழுதலாம். வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியைக் கிராமம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆதாரத்துக்குப் பெரும்பாலும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018ல் வெளியிட்ட தொகுப்பைக் காட்டுவார்கள். ஆரம்பச் சிகிச்சையில் டாக்டருக்குப் பதில் தாதி பார்த்தால் என்ன ஆகும் என்று 18 சோதனைகளைத் தொகுத்தது. விளைவுகள் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தன, பார்க்கும் நேரம் கூடியது. பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. குக்கிராமத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எழுதாமல், எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எழுதுங்கள்.

செய்முறைத் தேர்வில் டாக்டரைத் தொலைபேசியில் அழைக்கும் பகுதி வந்தால், பலர் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கி நேரத்தை விட்டுவிடுவார்கள். முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று வர வேண்டும்: "டாக்டர், ஒரு நோயாளியை இன்றே அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன், காலில் தொற்று பரவுகிறது." பின்னணி பிறகு வரட்டும். கடைசியில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டாவிட்டால் அதற்கான மதிப்பெண் போய்விடும், ஐந்து நொடி வேலை.

தமிழ் நோயாளியாக நடிப்பவர் வந்தால் ஒரு சொல்லில் கவனம்: மயக்கம். தலைச்சுற்றல், கண் இருட்டல், சுகர் இறங்குவது, தூக்கக் கலக்கம், நினைவிழப்பு எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் "மயக்கமா வருது" என்றுதான் சொல்வார்கள். அப்படியே தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். "எழுந்து நிக்கும்போதா, சாப்பிடறதுக்கு முன்னாடியா, படுத்துத் திரும்பும்போதா?" என்று கேளுங்கள். எழுந்து நிற்கும்போது என்றால் படுத்திருக்கையில் ஒருமுறை, நின்றபின் மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுங்கள். சாப்பாட்டுக்கு முன் என்றால் உடனே விரல் குத்திப் பாருங்கள். 4.0க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு குத்து.