தொட்டிக்கு மேல் ஒரு கிளை: வால்பாறை மரத்தவளை நாட்குறிப்பு

மார்ச் 9, பொள்ளாச்சி

அம்மா வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தவளை குடியிருக்கிறது. பழுப்பு நிறம், விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத்தட்டு. அந்தத் தட்டு இருப்பதால்தான் வழவழப்பான ஓட்டுச் சுவரில்கூட ஏற முடிகிறது. நான்கு கால்களையும் மடக்கி, உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் இருக்கிறது.

சமவெளியில் இந்த மாதம் மரத்தவளை பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேதான் தேட வேண்டும். குளியலறை, மோட்டார் அறை, தண்ணீர்த் தொட்டி மூடியின் அடிப்பக்கம், வாழைப் பட்டையின் இடுக்கு. தோலில் சுரக்கும் ஒரு பசையைக் கால்களால் உடம்பெல்லாம் தடவிக்கொள்ளும். அதனால் உடம்பின் ஈரம் சீக்கிரம் போகாது. அப்பா துடைப்பத்தோடு வந்தார். இந்த வெயிலில் வெளியே தள்ளினால் காய்ந்து செத்துப்போகும், மழை வந்ததும் தானே போய்விடும் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஏப்ரல் 17, வால்பாறை

சாயங்காலம் நல்ல கோடை மழை. ஏழு மணிக்குச் சோலை ஓரக் காபிச் செடிகளுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம் தொடங்கிவிட்டது. புதர்த்தவளைகள். பெரும்பாலானவை இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராது. அந்த உடம்பிலிருந்து இவ்வளவு சத்தமா என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஆச்சரியம்தான்.

இவற்றுக்குக் குளமோ ஓடையோ தேவையில்லை. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இலையிலோ சருகிலோ இடும் முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதனால்தான் பருவமழைக்குக் காத்திருக்காமல் கோடை மழையிலேயே கத்த ஆரம்பிக்கின்றன. தேட வேண்டிய இடமும் தண்ணீர் ஓரம் அல்ல. இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை உள்ள இலைகள்.

தனியாகப் போனால் திசை பிடிபடாது. இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, சத்தம் வரும் பக்கம் ஆளுக்கொரு டார்ச்சை நீட்ட வேண்டும். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்கிற செடியில்தான் இருக்கும். வெளிச்சம் பட்டதும் கத்துவதை நிறுத்திவிடும். அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் மறுபடி தொடங்கும்.

மே 4

பத்து நாளாகத் துளி மழை இல்லை. சத்தமும் இல்லை.

ஜூன் 8

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. இரவில் தொட்டிப் பக்கம் போகலாமா என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். “இன்னிக்கு வேண்டாம் டீச்சர், சிவப்பு லைட் எரியுது” என்றார். யானை அருகில் நின்றால் எரிகிற விளக்கு அது. வெளியூரிலிருந்து தவளை பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: உள்ளூர் ஆள் வேண்டாமென்றால் வேண்டாம்.

ஜூன் 14

இன்று பார்த்துவிட்டேன். எஸ்டேட்டின் பழைய சிமென்ட் தொட்டிக்கு மேல் சாய்ந்திருக்கும் கிளையில் பறக்கும் தவளைகள். ஆண்கள் ஆளுக்கொரு இலையில் இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன. பெண் பெரிது, கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர். முதுகு தளிர்ப் பச்சை; விரல்களுக்கு இடையில் உள்ள சவ்வு செம்மஞ்சள். மேல் கிளையிலிருந்து ஒன்று தாவியபோது நான்கு பாதங்களும் குடையாக விரிந்தன. உண்மையில் அது பறப்பதில்லை, சறுக்கி இறங்குகிறது. ஒரே தாவலில் ஒன்பது, பத்து மீட்டர் கடந்துவிடும்.

இங்கே நான் பார்ப்பவை இரண்டு இனங்கள். மலபார் பறக்கும் தவளை மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இடங்களில் இருக்கிறது. மற்றது ஆனைமலைப் பறக்கும் தவளை, 2000இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பச்சை முதுகில் மெல்லிய கருங்கோடுகள் பின்னியிருந்தால் அது இரண்டாவது. இன்றைக்குப் பார்த்தவை எல்லாம் மலபார்தான்.

ஜூன் 17

கிளையில் இரண்டு நுரைக்கூடுகள். பெண் சுரக்கும் திரவத்தைக் காலால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்பக்கம் காய்ந்து ஏடு கட்டிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தலைப்பிரட்டைகள் மழையோடு நேராகத் தண்ணீரில் விழ வேண்டும். அதனால் கிளை மட்டும் இருந்தால் போதாது, தண்ணீர் மட்டும் இருந்தாலும் போதாது. தண்ணீருக்கு நேர் மேலே கிளை இருக்க வேண்டும்.

காலையில் அதே கிளையை வெட்ட ஆள் வந்துவிட்டார்கள். தொட்டியில் இலை விழுகிறதாம். மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து கூட்டைக் காட்டினேன். ஓரமாக இருந்த ஒன்றை டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெளிர் முட்டைகள் தெரிந்தன. சரி, மழைக்காலம் முடியும்வரை கை வைக்கவில்லை என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜூன் 25

இரவு நல்ல மழை. காலையில் ஒரு கூடு கரைந்து தொங்கியது. கீழே தொட்டியில் தலைப்பிரட்டைகள்.

ஜூலை 19

கொட்டுகிறது. இந்த மழையில் தகரக் கூரைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. அட்டைக் கடி வேறு. அடைமழை நாட்களில் தேடிப் போவதைவிட, மழை விட்டு இலை சொட்டிக்கொண்டிருக்கும் இரவுக்குக் காத்திருப்பது நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள். கூடாது என்றேன். தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது; நம் கையில் இருக்கும் அட்டை மருந்தும் கொசு மருந்தும் அந்தத் தோல் வழியாக உள்ளே போய்விடும்.

செப்டம்பர் 3

தொட்டி ஓரச் சேம்பு இலைகளில் குட்டிகள். சிலவற்றுக்கு வால் இன்னும் முழுசாக மறையவில்லை. இவற்றைப் பார்க்க இரவில் போக வேண்டாம், காலை வெளிச்சமே போதும்.

அக்டோபர் 27

வடகிழக்கு மழை இறங்கியதும் புதர்த்தவளைகள் மறுபடி கத்துகின்றன, ஏப்ரல் அளவுக்கு இல்லை. தெற்கே களக்காடு முண்டந்துறைக் காடுகளில் ஒரு புதர்த்தவளை, மூங்கில் தண்டில் உள்ள சிறு ஓட்டை வழியாக உள்ளே புகுந்து முட்டையிடும். ஆண் காவல் இருக்கும். நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011இல் மறுபடி கிடைத்த செய்தி வந்த இனம் அது. நான் இன்னும் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்காக யாராவது மூங்கிலைப் பிளந்தால் அந்தக் கூட்டத்தின் வருஷமே போய்விடும்.

டிசம்பர் 30

குளிர். பறக்கும் தவளைகள் உயர மரங்களில் இருக்கும். இனி ஜூன் வரை கண்ணில் படுவது அபூர்வம். மேற்பார்வையாளரிடம் பேசினேன். தொட்டி கழுவுவதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். இப்போது அதில் ஒரு தலைப்பிரட்டையும் இல்லை, நான் வலை போட்டுப் பார்த்தேன். கிளையில் பாதை மேல் நீளும் பக்கத்தை மட்டும் கழிக்கப் போகிறார்கள். தண்ணீருக்கு மேல் உள்ள பக்கம் அப்படியே இருக்கும்.