அத்தை கேட்ட கேள்வியும் 731 விடைகளும்

மாமா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தபோது நான் முதுகலை முதலாண்டு. "ரத்தத்துல வெள்ளையணு கொறஞ்சதாலதான் இது வந்துச்சாடா?" என்று அத்தை கேட்டார். அணுக்கள் மாறியதால் நோயா, நோயால் அணுக்கள் மாறினவா? பரிசோதனைத் தாளை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆய்வேட்டுக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

மெண்டலியன் ராண்டமைசேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. பெற்றோரிடமிருந்து எந்த மரபணு மாற்றம் யாருக்கு வரும் என்பது கருவிலேயே குலுக்கல் போல நடந்துவிடுகிறது. உப்பு, புகை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியின் தொற்று எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு வகை டி செல் (வெள்ளையணுக்களில் ஓர் இனம்) கூடுதலாக இருக்கும்படியான மரபணுவோடு பிறந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோயும் கூடுதலாக வந்தால், அந்தச் செல்லுக்கு இதில் பங்கிருக்கலாம்.

தரவு இலவசம். சார்டீனியாத் தீவில் 3,757 பேரின் ரத்தத்தில் 731 நோயெதிர்ப்புப் பண்புகளை அளந்து 2020-இல் வெளியிட்டிருந்தார்கள். நோய்ப் பக்கத்துக்கு, நோயாளிகள் அதிகம் என்பதால் பலரின் மரபணு, நோய் விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜப்பான் பயோபேங்கை எடுத்தேன். மூன்று வாரம் ஓடிய பிறகு வழிகாட்டி மேடம் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே வம்சாவளியா?" என்று மட்டும் கேட்டார். சார்டீனியர்கள் ஐரோப்பியர்கள், ஜப்பானியர்கள் கிழக்காசியர்கள்; வம்சாவளி வேறானால் மரபணுக் கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. அவ்வளவும் வீண். பின்லாந்தின் ஃபின்ஜென் தரவுக்கு மாறினேன். சார்டீனியர்களும் பின்லாந்துக்காரர்களும் நெருங்கிய உறவில்லைதான், ஆனாலும் இரண்டும் ஐரோப்பிய வம்சாவளி.

அடுத்த சிக்கல் வரம்பு. ஒரு தொடர்பு தற்செயலாகவே தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்வது பி மதிப்பு; அது எவ்வளவு சிறிதாக இருந்தால் ஒரு மரபணு மாற்றத்தை ஏற்பது? வழக்கமான 5×10⁻⁸ வைத்தால் பல பண்புகளுக்கு ஒன்றிரண்டு மரபணு மாற்றங்களே தேறின. பல கட்டுரைகளில் செய்வதுபோல 1×10⁻⁵ வரை தளர்த்தினேன். எனக்கு அதில் இன்றும் முழுச் சம்மதமில்லை, பண்போடு வலுவான தொடர்பில்லாத மரபணு மாற்றங்கள் நுழைந்துவிடும். அந்த வலுவைக் காட்டும் எஃப் மதிப்பு 10-க்குக் கீழே இருந்தவற்றை நீக்கினேன். ஆறாம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருங்கியிருக்கும் எச்.எல்.ஏ பகுதியையும் விட்டுவிட்டேன். அங்கே ஒரு மாற்றம் பத்து வேலை செய்யும், எந்த வழியாக நோயைத் தொட்டது என்று பிரிக்க முடியாது.

ஒரு ராத்திரி முடிவுகள் வந்தன. நோயோடு தொடர்புக்கான பி மதிப்பு 0.05-க்குக் கீழே 41 பண்புகள்! அத்தைக்கு அப்போதே போன் செய்யத் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. காலையில் 731-ஐ 0.05-ஆல் பெருக்கிப் பார்த்தேன்: 36.55. எந்தச் செல்லுக்கும் நோயோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே 36, 37 வந்திருக்கும். 0.05-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி திருத்தப்படி வரம்பு சுமார் 0.00007. ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே செல்லை எண்ணிக்கையாகவும் சதவீதமாகவும் அளந்திருப்பதால் அந்தத் திருத்தம் கடுமையானதுதான். தேறியவற்றில் பொய்யானவற்றின் விகிதத்தை மட்டும் கட்டுப்படுத்தும், கொஞ்சம் இளகிய எஃப்.டி.ஆர் திருத்தத்திலும் அதே கதை. இரண்டு நாள் கணினியைத் திறக்கவே மனம் வரவில்லை.

41-இல் அழகான நான்கை எடுத்து எழுதலாம் என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். நான் 731-ஐயும் அட்டவணையில் போட்டு, திருத்தத்துக்குப் பின் எதுவும் நிற்கவில்லை என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதிக நேரம் போனது அந்த அட்டவணையில்தான்.

அத்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன்: "வெள்ளையணு கொறஞ்சதாலதான் வந்துச்சுன்னு என் கணக்குல தெரியல அத்தை. கொறஞ்சதுக்கு நோயோ கீமோவோகூட காரணமா இருக்கலாம்." உறுதியாகத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. ஹெலிகோபாக்டர் பைலோரியைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே வகைப்படுத்திவிட்டது. மாமா பிள்ளைகள் இருவரையும் மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். பெரியவனுக்கு இருந்தது. 14 நாள் மாத்திரை முடித்திருக்கிறான், நான்கு வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்.