வகுப்பறையில் இப்சிலாண்டி

கல்லூரியில் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்தும் எனக்கு, துருக்கிய ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போர் என்ற பாடத்தில் அதிக நேரம் பிடிப்பது, நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் அலெக்சாண்டர் இப்சிலாண்டியின் கிளர்ச்சிதான். 1821 மார்ச் மாதத்தில் அவர் ரஷ்ய எல்லையான புருத் ஆற்றைக் கடந்து மோல்டாவியாவுக்குள் நுழைந்தார், ஜூன் மாதத்தில் திராகாசானியில் தோற்றார், ஆஸ்திரியாவுக்குத் தப்பிச் சென்று சிறைப்பட்டார் என்ற அளவில் எழுதினாலே தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் வரைபடத்தை விரித்ததும் மாணவர்களில் யாராவது ஒருவர், "சார், கிரேக்கர்களின் விடுதலைக்கு ஏன் ருமேனியாவில் போய்ச் சண்டையைத் தொடங்கினார்?" என்று கேட்டுவிடுகிறார். பாடம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய ருமேனியப் பகுதிகளான மோல்டாவியாவும் வலாக்கியாவும் துருக்கிச் சுல்தானுக்குக் கப்பம் கட்டிய சிற்றரசுகள். ஆயினும் ரஷ்யாவின் இசைவு இல்லாமல் துருக்கிப் படை அங்கே நுழைய முடியாத நிலையை ஒப்பந்தங்கள் உருவாக்கியிருந்தன. மோல்டாவியாவின் ஆட்சியாளர் மிகாயில் சூட்சோவே கிளர்ச்சியைத் திட்டமிட்ட பிலிக்கி எதெரியா என்ற இரகசியச் சங்கத்துக்கு ஆதரவாக இருந்தார். துருக்கியர் வந்தால் ரஷ்யப் பேரரசரான ஜார் போருக்கு இறங்குவார், வராவிட்டால் கிளர்ச்சி வேரூன்றிவிடும் என்று இப்சிலாண்டி கணக்கிட்டார். 1813இல் டிரெஸ்டன் போரில் ரஷ்யாவுக்காக வலது கையை இழந்து, பிறகு ஜார் முதலாம் அலெக்சாண்டரின் துணை அதிகாரியாகவும் இருந்த ஒருவர் அப்படி நம்பியதைப் பேதைமை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த நம்பிக்கையை உறுதியான வாக்குப்போல் பிறரிடம் கொடுத்ததைத்தான் என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை. மோல்டாவியத் தலைநகர் யாசியில் அவர் வெளியிட்ட அறிக்கை, வல்லரசு ஒன்று துணைநிற்கும் என்று குறிப்புணர்த்தியது. அத்தகைய வாக்குறுதி எதுவும் அவரிடம் இல்லை. ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய லைபாக் மாநாட்டில் இருந்த ஜார் அவரைக் கைவிட்டுப் படையிலிருந்து நீக்கினார். துருக்கிப் படை நுழைவதற்கும் இசைந்தார். அந்த மறுப்பை எழுதும் பொறுப்பு, ரஷ்ய வெளியுறவு அமைச்சராக இருந்த கபோதிஸ்திரியாஸ் என்ற கிரேக்கரிடமே வந்து சேர்ந்தது. சங்கத்தின் தலைமை முதலில் தேடிச் சென்றதும் அவரைத்தான். அவர் மறுத்த பிறகே அது இப்சிலாண்டிக்கு வந்தது. துருக்கித் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளின் திருச்சபைத் தலைவர் ஐந்தாம் கிரெகோரியும் கிளர்ச்சியாளர்களைச் சபையிலிருந்து விலக்கினார்.

இந்த இடத்தில் துடோர் விளாதிமிரெஸ்குவைப் பற்றி விரிவாகப் பேசாமல் என்னால் நகர முடிவதில்லை. வலாக்கியாவின் குடியானவர்களைத் திரட்டி அதே ஆண்டில் எழுந்த அவருக்கு, கான்ஸ்டாண்டிநோபிள் மாளிகைகளிலிருந்து சுல்தான் அனுப்பிவைத்த கிரேக்கக் குடும்பங்களின் ஆட்சியே வரிச்சுமையாகவும் அவமானமாகவும் இருந்தது. இப்சிலாண்டியின் தந்தையும் பாட்டனாரும் அவ்வாறு அங்கே ஆண்டவர்கள். அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கொடி பிடித்து வந்தவரே அம்மண்ணின் உழவர்களுக்கு அந்நிய ஆட்சியின் பிள்ளையாகத் தெரிந்தார் என்று நான் சொல்லும்போது, அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதுண்டு. இரு தலைவர்களும் ஒத்துப்போகவில்லை. துருக்கியருடன் பேச்சு நடத்தினார் என்று குற்றம் சாட்டி, எதெரியாவினர் விளாதிமிரெஸ்குவைப் பிடித்துக் கொன்றார்கள். அத்துடன் உள்ளூர் மக்களின் ஆதரவும் போயிற்று. கலாட்சியிலும் யாசியிலும் துருக்கியக் குடிகள் கொல்லப்பட்டதையும் நான் மறைப்பதில்லை. விடுதலைப் போர் என்ற பெயருக்காக அதை விட்டுவிட்டால் நான் நடத்துவது வரலாறு ஆகாது.

திராகாசானியில் கராவியாஸ் என்ற குதிரைப்படைத் தலைவர் கட்டளைக்குக் காத்திராமல் தாக்கத் தொடங்கி, பிறகு ஓடிப்போனார். களத்தில் தனித்து நின்றது புனிதப் படை. ஐரோப்பிய நகரங்களில் படித்துக்கொண்டிருந்த கிரேக்க இளைஞர்கள் கருப்புச் சீருடை அணிந்து அதில் சேர்ந்திருந்தார்கள். சில நூறு பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி அன்றே மாண்டது. என் முன்னே அமர்ந்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். கலைந்துகொண்டிருந்த தம் படையிடம் இப்சிலாண்டி, ஆஸ்திரியப் பேரரசர் துருக்கியின்மீது போர் அறிவித்துவிட்டார் என்று பொய் சொல்லி, தேவாலயத்தில் நன்றி வழிபாடும் நடத்தச் செய்துவிட்டு எல்லையைத் தாண்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1827 வரை ஆஸ்திரியச் சிறையில் கிடந்து, 1828 ஜனவரியில் வியன்னாவில் இறந்தார். அந்தச் சிறைவாசத்தைச் சொல்லும்போது அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. ஆனால் மீந்த வீரர்களுடன் செப்டம்பர் வரை போராடி, செக்கு மடாலயத்தின் மணிக்கூண்டில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மடிந்த எதெரியாவின் தளபதி கியோர்காகிஸ் ஒலிம்பியோஸ் நினைவுக்கு வந்ததும் அந்த இரக்கம் குறைந்துவிடுகிறது.

அதற்குள் கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீசில் வேறொரு போர் பற்றிக்கொண்டிருந்தது. இப்சிலாண்டியின் தம்பி டிமிட்ரியோஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். 1830இல் கிரேக்கம் தனிநாடாக ஏற்கப்பட்டது. இந்தக் கிளர்ச்சியின் தோல்விக்கான காரணங்களை வரிசைப்படுத்தும்படி உள்தேர்வுகளில் நான் இப்போது கேட்பதில்லை. இல்லாத துணையை இருப்பதாகச் சொல்லி மக்களைத் திரட்டியது சரியா என்று கேட்கிறேன். அப்படிச் சொல்லாமல் எந்தக் கிளர்ச்சிதான் தொடங்கும் என்று அவருக்காக வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதை நான் இரண்டு முறை படிக்கிறேன்.