ஏழு வருடம் மாறாத பாஸ்வேர்டு

2011-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொன்றரைக்கு போன் வந்தது. "அப்ளிகேஷன் உள்ளேயே போகமாட்டேங்குதுங்க, ஓரா-28001னு வருது." தூக்கக் கலக்கத்திலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தது: பாஸ்வேர்டு காலாவதி.

நான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸைப் பராமரிப்பவன். ஆறு மாதம் முன்புதான் ஆரக்கிள் டேட்டாபேஸின் 10ஜி பதிப்பை விட்டு 11ஜிக்கு வந்திருந்தோம். புது சர்வரில் புது டேட்டாபேஸ் உருவாக்கி, யூசர்களைக் கையால் போட்டு, டேட்டா பம்ப் என்ற ஆரக்கிள் கருவி வழியாகத் தரவை ஏற்றினோம். 10ஜியில் டீஃபால்ட் ப்ரொஃபைலில் (யூசர்களுக்குத் தானாகப் பொருந்தும் விதித்தொகுப்பு) பாஸ்வேர்டுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. 11ஜியில் அதை 180 நாள் ஆக்கிவிட்டார்கள். அது முடிந்தபின் 7 நாள் அவகாசம் உண்டு. அப்போது லாகின் செய்தால் ஓரா-28002 என்று எச்சரிக்கை வரும். மனிதர் உட்கார்ந்து லாகின் செய்தால் கண்ணில் படும். எங்கள் ஜாவா அப்ளிகேஷன் அதை விழுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் அப்ளிகேஷன் சர்வரிலும் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லை. பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. யூசர்$ என்ற உள் டேபிளில் இருக்கும் ஹாஷை, அதாவது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்தை எடுத்து, 'ஐடென்டிஃபைட் பை வேல்யூஸ்' என்று அதையே திருப்பிக் கொடுத்தால், பாஸ்வேர்டு என்னவென்று தெரியாமலே அதற்கு மறு ஆயுள் கொடுத்துவிடலாம். கொடுத்தேன். கையோடு ப்ரொஃபைலில் ஆயுள் வரம்பை 'அன்லிமிடெட்' ஆக்கினேன். இருபது நிமிடத்தில் எல்லாம் ஓடியது. மறுநாள் மேனேஜர் பாராட்டி மெயில் போட்டார்.

அப்புறம் அதை மறந்துவிட்டேன். ஏழு வருடம்.

2018-இல் செக்யூரிட்டி ஆடிட் வந்தது. டீஃபால்ட் பாஸ்வேர்டுகளைத்தான் முதலில் பார்த்தார்கள். ஸ்காட், டைகர் கதை தெரிந்திருக்கும்: ஆரக்கிளின் ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரில் ஒரு யூசர், அவர் வீட்டுப் பூனையின் பெயர் பாஸ்வேர்டு. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பூனையை நாங்கள் எப்போதோ பூட்டியாயிற்று. லிசனர் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்கும் ப்ரோகிராம்), பேட்ச் எல்லாம் சரி. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அப்போது ஆடிட்டர், அப்ளிகேஷன் டேட்டாபேஸுக்குள் நுழையப் பயன்படுத்தும் அப்ளிகேஷன் யூசரைக் காட்டி, "இதன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

பதில் இல்லை. ஏழு வருடத்தில் வந்துபோன டெவலப்பர்கள், ஒப்பந்த ஊழியர்கள், கான்ஃபிக் ஃபைல்கள், ஷெல் ஸ்கிரிப்டுகள். போதாக்குறைக்கு, அந்த யூசருக்கு டேட்டாபேஸ் முழுவதையும் நிர்வகிக்கும் டிபிஏ ரோலே கொடுத்திருந்தோம். இன்ஸ்டால் செய்ய வந்தவர்கள் கேட்டார்கள், கொடுத்தோம். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கவில்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, டிபிஏ வேலை பாதி அதுதான்.

சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த நொடியில் உள்ளே இருக்கும் இணைப்புகளைக் காட்டும் வி$செஷனைப் படித்து, எந்த மெஷினிலிருந்து எந்த ப்ரோகிராம் வருகிறது என்று மூன்று வாரம் பட்டியல் எடுத்தோம். பதினான்கு இடங்கள். ஒரு சனிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு பாஸ்வேர்டை மாற்றி, பதினான்கிலும் புதியதைப் போட்டு, சோதித்துவிட்டுத் தூங்கப் போனோம்.

காலை எட்டரைக்கு ஓரா-28000. அக்கவுண்ட் லாக்.

பட்டியலில் இல்லாத பதினைந்தாவது இடம் ஒன்று இருந்திருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை ஓடும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்), பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருந்தது. பத்து முறை தப்பாகத் தட்டினால் லாக் ஆகும். நடுவில் யாராவது சரியான பாஸ்வேர்டோடு நுழைந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம் ஆகிவிடும். ஆனால் அப்ளிகேஷனுக்காக இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் கனெக்‌ஷன் பூல், நள்ளிரவில் திறந்த இணைப்புகளையே பிடித்து வைத்திருந்தது, புதிதாக யாரும் நுழையவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குள் பத்து முடிந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்த இணைப்புகளை லாக் ஒன்றும் செய்யாது, அதனால் வெளியே எதுவும் தெரியவில்லை. எட்டரைக்குக் கூட்டம் ஏறி, பூல் புது இணைப்பு கேட்டபோதுதான் கதவு மூடியிருப்பது தெரிந்தது.

அன்லாக் செய்துவிட்டு, யார் எப்போது நுழைய முயன்றார்கள் என்று டேட்டாபேஸ் எழுதிவைக்கும் ஆடிட் டிரெயிலில் ரிட்டர்ன் கோட் 1017 உள்ள வரிகளைத் தேடினேன். தப்பான பாஸ்வேர்டுக்கு விழும் எண் அது. பக்கத்திலேயே மெஷின் பெயர். அந்த ஸ்கிரிப்ட் இரண்டு விநாடியில் வேலை முடித்து வெளியேறிவிடும். எங்கள் ஐந்து நிமிட வலையில் எப்படி விழும்? நுழைந்தவர் எல்லாருடைய பெயரும் அந்த ஆடிட் டேபிளில்தான் இருந்தது. சிஸ்டம் டேபிள்ஸ்பேஸை (டேட்டாபேஸ் தன் சொந்தத் தகவல்களை வைக்கும் இடம்) அது நிரப்புகிறது என்று திட்டியபடி அவ்வப்போது காலி செய்துகொண்டிருந்தேனே தவிர, ஒருநாளும் படித்ததில்லை.

இன்றும் அப்ளிகேஷன் யூசருக்குத் தானாகக் காலாவதி வைப்பது தப்பு என்றே சொல்வேன். நாள் குறித்து, ஆள் உட்கார்ந்து மாற்ற வேண்டும். 2021-இல் பழையது, புதியது இரண்டு பாஸ்வேர்டும் சில காலம் செல்லுபடியாகும் வசதியை ஆரக்கிள் கொண்டுவந்தது. படித்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நினைவுக்கு வந்தது.

அந்த கிரான் வேலை ஓடிய மெஷின் ஒரு பழைய டெஸ்ட் சர்வர். ஸ்கிரிப்டில் டிபிஏ அதிகாரம் உள்ள பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருந்தது, ஃபைல் பர்மிஷன் 777, அதாவது அந்த மெஷினில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். ஒரு டேபிளில் எத்தனை வரிகள் என்று எண்ணி மெயில் அனுப்புவதுதான் அதன் மொத்த வேலை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. கிரானை நிறுத்திவிட்டு, மெயில் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள் என ஒரு மாதம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.